கத்தியும் குளிசையும்: முன்னிற்குஞ் சுரப்பி மருத்துவத்தின் வரலாறு

கண் மங்குவதையும் செவி மந்தமாவதையும் முதியோர் வாய்விட்டுச் சொல்வர். பல் விழுந்ததைச் சொல்லி நகைக்கவுஞ் செய்வர். ஆனால், இரவில் நான்கைந்து முறை துயில் கலைந்து எழ நேர்வதையும், நெடுநேரம் நின்றும் சிறுநீர் சொட்டுச் சொட்டாகவே வீழ்வதையும் மனைவி மக்களிடங்கூடச் சொல்லாது மறைப்போர் பலர். மூப்பின் இயல்பு இதுவெனத் தாமே தீர்ப்புக் கூறிக்கொண்டு, ஒருநாள் சிறுநீர் முற்றாக அடைபட்டு வைத்தியசாலைக்குத் தூக்கிச் செல்லப்படும் வரையும் அவர்கள் வாளாவிருப்பர். இத்துன்பத்துக்குப் பெரும்பாலுங் காரணமாவது முன்னிற்குஞ் சுரப்பி பருத்தலாகும். ஐம்பது வயது கடந்து அறுபதை நோக்கிச் செல்லும் ஆடவருள் ஏறக்குறையப் பாதிப்பேரிடத்தும், எண்பது கடந்தோருள் மிகப் பெரும்பாலோரிடத்தும் இவ்வளர்ச்சியின் அடையாளங்களை நுணுக்குக்காட்டி காட்டும். அவருள் எல்லோரும் துன்புறுவாரல்லர். துன்புறுவோருக்கும் ஒரு நூற்றாண்டின் முன் குழாயும் கத்தியுமே கதியாயிருந்தன. இக்காலத்திலோ அவருட் பலர் குளிசையினாலேயே நலம் பெறுகின்றனர். இம்மாற்றம் எங்ஙனம் நிகழ்ந்தது, அது எத்துணை உறுதியான அடிப்படையில் நிற்கின்றது என்பன ஈண்டு ஆராயப்படும்.

உறுப்பும் பெயரும்

சிறுநீர்ப்பையின் வாயிலுக்குக் கீழே, சிறுநீர்வழியைச் சூழ்ந்து கிடப்பது இச்சுரப்பி. இளமையில் ஏறக்குறைய 20 கிராம் நிறையுடையது. சுக்கிலத்தின் ஒரு பகுதியாகிய நீர்மத்தைச் சுரப்பது. முன்னே நிற்பது எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்றே ஐரோப்பிய மொழிகள் இதற்குப் பெயர் கொண்டன. 'முன்னிற்குஞ் சுரப்பி' என்னுந் தமிழ்ப் பெயரும் அப்பொருளையே தருகின்றது. வாயிற்காவலன் போல் முன்னிற்கும் இதுவே, முதுமையில் வாயிலை அடைத்து நிற்பதும் ஆகின்றது.

சிறுநீர் அடைபடும் நோயைப் பண்டையோரும் அறிந்திருந்தனர். சுசுருத சங்கிதை, சிறுநீர்த் தடைகளை வகைப்படுத்துமிடத்து, மலக்குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே கல்போன்று திரண்டெழும் வீக்கமொன்றைக் கூறுகின்றது. ஆயினும், உறுப்பைத் தனியே பிரித்தறிந்து விவரித்தமை பிற்காலத்தது. வெனிசு நகரத்து நிக்கோலோ மாசா 1536 ஆம் ஆண்டில் இதனை விவரித்தார்; வெசேலியசு 1538 இல் வெளியிட்ட உடற்கூற்றுப் படங்களில் இதற்கு உருக்கொடுத்தார். 1761 இல் இத்தாலிய அறிஞர் மொர்கானி, இறந்தோர் உடல்களைச் சோதித்து எழுதிய பெருநூலில், முதியோரின் சிறுநீர்த் தடைக்கும் பருத்த இச்சுரப்பிக்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டினார். நோயின் இருப்பிடம் இவ்வாறு தெளிவாயிற்று. நோயின் முதல் யாது என்பது மட்டும் தெளிவாகவில்லை.

விதையும் சுரப்பியும்

அம்முதலை நோக்கிச் சென்ற வழியில் முதலடி வைத்தவர் இலண்டன் சத்திரவைத்தியர் ஜோன் ஹண்டர் ஆவர். விலங்குகளின் விதைகளை நீக்கினால் முன்னிற்குஞ் சுரப்பி வளராது சிறுத்துப்போதலை அவர் கண்டு, 1786 இல் வெளியிட்ட நூலிற் குறித்தார். பருவந்தோறும் இனம்பெருக்கும் விலங்குகளில் விதையோடு சேர்ந்து இச்சுரப்பியும் பெருத்தலையும் சிறுத்தலையும் அவர் கவனித்திருந்தார். ஓமோன் என்னும் சொல்லே பிறவாத காலத்தில், ஓருறுப்பின் ஆட்சி மற்றோருறுப்பின்மேற் செல்வதை அவர் உய்த்துணர்ந்தமை வியத்தற்குரியது.

நூறாண்டு கழித்து இவ்வுண்மை மருத்துவமாக மாறிற்று. அதுவும் கொடிய மருத்துவமாகவே மாறிற்று. பிலடெல்பியா நகரத்து வில்லியம் வைற் என்பார், சுரப்பி பருத்த முதியோரின் விதைகளை நீக்கலாமென 1893 இல் முன்மொழிந்தார். 1895 இல் 111 நோயாளரின் வரலாற்றைத் தொகுத்து, அவருள் நூற்றுக்கு 87 பேரிடத்துச் சுரப்பி விரைந்து சிறுத்ததென அறிவித்தார். ஆயினும், இம்மருத்துவத்தால் மரித்தோர் தொகை சிறிதன்று. ஒப்புநோக்குதற்கு, மருத்துவம் பெறாத மற்றொரு கூட்டத்தாரும் இலர். எத்தகைய மருத்துவஞ் செய்தாலும் நோயாளருட் சிலர் சிலகாலந் தேறியிருப்பரென்பதும், அத்தேற்றத்தை மருந்தின் வெற்றியெனக் கொள்ளலாகாதென்பதும் அக்காலத்துப் பலர் எண்ணிப் பாராதவை. வைற்றின் கருத்து உண்மையின் பாற்பட்டதே. அவர் தேர்ந்த வழியும் காட்டிய சான்றுமே குறையுடையன.

கத்தியின் காலம்

விதை நீக்கம் விரைவிற் கைவிடப்பட்டமைக்குக் காரணம், சுரப்பியையே நேராக அகற்றும் சத்திரசிகிச்சை செம்மையுற்றதாகும். இந்திய மருத்துவ சேவையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற அயர்லாந்து நாட்டினராகிய பீற்றர் பிறெயர், இலண்டன் சென் பீற்றர்ஸ் வைத்தியசாலையில் 1900 ஆம் ஆண்டின் இறுதியில், வயிற்றின் கீழ்ப்புறத்தால் சிறுநீர்ப்பையைத் திறந்து பருத்த பகுதியை விரலாற் பெயர்த்தெடுக்கும் முறையைத் தொடங்கி, 1901 இல் நான்கு நோயாளரின் வரலாற்றை வெளியிட்டார். நியூயோர்க்கினரான இயூஜீன் புல்லர் இம்முறையைத் தாம் முன்னரே கையாண்டதாக வழக்காடியமையும் வரலாற்றிற் பதிவாகியுள்ளது. முதன்மை யாருடையதாயினும், ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு இதனைச் செய்து உலகறியச் செய்தவர் பிறெயரே எனலாம்.

1926 இல் அமெரிக்கரான மக்சிமிலியன் ஸ்ரேண் சிறுநீர்வழியாகவே கருவியைச் செலுத்தித் தடையை அறுக்கும் முறைக்கு வழிகோலினார். மக்கார்தி 1930களின் தொடக்கத்தில் அக்கருவியைத் திருத்தினார். 1945 இல் இலண்டனில் ரெறன்ஸ் மில்லின், சிறுநீர்ப்பையைத் திறவாமலே சுரப்பியை அணுகும் வழியைக் காட்டினார். சிறுநீர்வழியால் அறுக்கும் முறையே பின்னர் உலகெங்கும் பரவி, ஏனையவற்றை அளக்கும் அளவுகோலாயிற்று. இன்றும் குளிசைக்கு அடங்காத நோய்க்கு அது கைகொடுக்கின்றது. எனினும், முதுமையும் இருதய நோயும் நீரிழிவும் ஒருங்கே வாய்ந்தாருக்குக் கத்தி எப்போதும் அச்சந் தருவதே. கத்தியின்றித் தீர்வு உண்டோ என்னும் வினா இக்காலம் முழுவதும் விடையின்றி நின்றது.

சிக்காகோப் பல்கலைக்கழகத்துச் சாள்ஸ் ஹகின்ஸ், 1940 இல் ஸ்ரீவன்ஸ் என்பாரோடு சேர்ந்து, விதை நீக்கப்பட்ட மூவரின் பருத்த சுரப்பியை ஆராய்ந்து, அதன் சுரக்கும் கலங்கள் சுருங்கினமையை நுணுக்குக்காட்டியாற் கண்டார். ஹண்டரின் உய்த்துணர்வும் வைற்றின் கூற்றும் இவ்வாறு ஆய்வுச் சான்று பெற்றன. ஹகின்சின் புகழ் வளர்ந்தது இதே சுரப்பியின் புற்றுநோயை ஓமோன் வழியால் அடக்கியதனாலேயாம். அதற்காக 1966 இல் அவருக்கு நோபெல் பரிசு வழங்கப்பட்டது. புற்றுநோயில் உயிரைக் காக்க ஆண்மையைக் கொடுக்கலாம். உயிருக்கு உடனே ஊறு செய்யாத வெறும் பருமனுக்கு அவ்விலை மிகையாகும். ஆகவே, விதையைத் தொடாது சுரப்பியை மட்டும் அடக்கும் மருந்தொன்று வேண்டப்பட்டது. அத்தகைய மருந்து கிடைக்குமுன், எதிர்பாராத மற்றொரு திசையினின்று வேறொரு மருந்து வந்தது.

தசையின் இறுக்கம்

1948 இல் அமெரிக்க மருந்தியலறிஞர் அல்குவிஸ்ற், அதிரனலினும் அதனையொத்த பொருள்களும் உடலில் இருவேறு வாங்கிகள் வழியாகத் தொழிற்படுகின்றனவென முடிவுசெய்து, அவற்றுக்கு அல்பா, பீற்றா எனப் பெயரிட்டார். இக்கொள்கை நெடுங்காலம் இருதயம், குருதிக்குழாய் ஆகியன பற்றியதாகவே கருதப்பட்டது. 1975 இல் யெரூசலேம் நகரத்து மார்கோ கெய்ன் என்னும் வைத்தியரும் துணைவரும், சத்திரசிகிச்சையில் எடுக்கப்பட்ட முன்னிற்குஞ் சுரப்பித் துண்டுகளை ஆய்வுகூடத்திற் சோதித்து, அச்சுரப்பியிலும் அதன் உறையிலும் சிறுநீர்ப்பையின் கழுத்திலும் அல்பா வாங்கிகள் இருத்தலை நிறுவினர். இதனால் விளைந்த தெளிவு பெரிது. சிறுநீர்வழியை நெருக்குவது சுரப்பியின் பருமன் மட்டுமன்று. அதனுள்ளே விரவியுள்ள தசை நார்களின் இறுக்கமும் நெருக்குகின்றது. பருமன் நிலையானது, இறுக்கமோ நரம்பின் ஏவலால் கூடுவதும் குறைவதும் ஆகும். சிறிய சுரப்பியுடையார் பெருந்துன்பம் அடைதலும், பெரிய சுரப்பியுடையார் துன்பமின்றி வாழ்தலும் இதனால் ஓரளவு விளங்கின. தடிமலுக்கு உட்கொள்ளும் சில மருந்துகள் முதியோருக்குத் திடீரெனச் சிறுநீர்த் தடையை விளைத்தலும் இதனாலேயே. மூக்கடைப்பை நீக்க அவை தூண்டும் அதே வாங்கிகள் சிறுநீர்ப்பையின் வாயிலை இறுக்கிவிடுகின்றன.

கெய்னும் துணைவரும் பீனொக்சிபென்சமீன் என்னும் மருந்தை நோயாளருக்கு அளித்து, 1978 இல் போலிக் குளிசையோடு ஒப்பிட்ட ஆய்வை வெளியிட்டனர். சிறுநீர் ஓட்டம் சீர்பெற்றது. ஆயினும், அம்மருந்து அல்பா வாங்கிகளையெல்லாம் வேறுபாடின்றி அடைப்பதாகலின், தலைச்சுற்றலும் சோர்வும் பலரை வருத்தின. பின்வந்த ஆய்வாளர் வாங்கியின் உட்பிரிவுகளை அறிந்து, வேண்டியதை மட்டும் அடைக்கும் மருந்துகளை நாடினர். குருதியமுக்கத்துக்கென ஆக்கப்பட்ட பிரசோசின் முதலிற் பயன்பட்டது. டெரசோசின் 1993 இலும் டொக்சசோசின் 1995 இலும் இந்நோய்க்கென ஐக்கிய அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றன. யப்பானில் ஆக்கப்பட்ட டம்சுலோசின் 1997 இல் ஐக்கிய அமெரிக்காவில் இசைவு பெற்றது. சுரப்பியில் மிக்குள்ள உட்பிரிவையே பெரிதும் நாடுவதாகலின், அது குருதியமுக்கத்தைக் குறைத்தல் முன்னையவற்றினுஞ் சிறிது. அல்புசோசின், சிலோடோசின் என்பனவும் இவ்வினத்தனவே. சில நாள்களில் அல்லது சில வாரங்களிற் பயன்தருவது இவ்வின மருந்துகளின் சிறப்பு. சுரப்பியின் வளர்ச்சியைத் தடுக்கமாட்டாமை இவற்றின் குறை.

ஒரு சிற்றூரின் கொடை

வளர்ச்சியைத் தடுக்கும் மருந்தின் கதை மற்றொரு கண்டத்தில் தொடங்குகின்றது. 1968 இல் புரூச்சோவ்ஸ்கி, வில்சன் என்னும் இருவர், விதையிற் சுரக்கும் டெஸ்டோஸ்டெரோன் முன்னிற்குஞ் சுரப்பிக்குள் டைஹைட்ரோடெஸ்டோஸ்டெரோன் என்னும் வேறொரு பொருளாக மாற்றப்படுவதையும், கலத்தின் கருவை அடைந்து தொழிற்படுவது இம்மாறிய பொருளே என்பதையும் காட்டினர். இம்மாற்றத்தைச் செய்வது ஒரு நொதியம். அந்நொதியத்தைத் தடுத்தால் ஆண்மை கெடாது சுரப்பி மட்டும் சிறுக்குமோ என்னும் வினாவுக்கு ஆய்வுகூடத்தில் விடை காண்டல் அரிது. இயற்கையே அவ்விடையை முன்னரே எழுதி வைத்திருந்தது.

தொமினிக்கன் குடியரசின் தென்மேற்கிலுள்ள சலினாஸ் என்னும் சிற்றூரில், பிறக்கும்போது பெண்ணென்று கருதப்பட்டுப் பெண்ணாகவே வளர்க்கப்பட்ட சில பிள்ளைகள், பருவமெய்துங் காலத்தில் ஆண்களாக உருமாறுவதை ஊரார் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தனர். அவர்களை அழைக்க ஊர்வழக்கில் ஒரு சொல்லும் இருந்தது. நியூயோர்க்கிலிருந்து சென்ற ஜூலியான் இம்பெராற்றோ-மக்கின்லி அம்மையாரும் துணைவரும் இவர்களை ஆராய்ந்து 1974 இல் வெளியிட்ட கட்டுரையில், மேற்கூறிய நொதியத்தின் குறைவே இதற்குக் காரணமெனக் காட்டினர். இக்குறை பரம்பரையாக வருவது. அவ்வாண்டிலேயே தலஸ் நகர ஆய்வாளரும் வேறொரு குடும்பத்தில் இக்குறையைக் கண்டறிந்தனர். சலினாஸ் ஊரில் இக்குறையுடையார் வளர்ந்து உடல்வலி மிக்க ஆண்களாயினர். ஆனால் அவர்களுடைய முன்னிற்குஞ் சுரப்பி வாழ்நாள் முழுவதும் சிறியதாகவே இருந்தது.

இதன் பொருளை உடனே உணர்ந்தவருள் ஒருவர், மேர்க் மருந்து நிறுவனத்தின் ஆய்வுத்துறையை நடத்தியவரும் பின்னாளில் அந்நிறுவனத்தின் தலைவராயினவருமான றோய் வகெலொஸ் ஆவர். அங்கு ஆக்கப்பட்ட பினஸ்டெரைட் என்னும் மருந்து 1992 இல் ஐக்கிய அமெரிக்காவில் இசைவு பெற்றது. நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் உட்கொள்ள, குருதியிலுள்ள டைஹைட்ரோடெஸ்டோஸ்டெரோன் நூற்றுக்கு 70 அளவிற் குறையும். சுரப்பி ஏறக்குறைய நாலிலொரு பங்கு சிறுக்கும். அந்நொதியத்தின் இரு வகைகளையும் தடுக்கும் டுட்டாஸ்டெரைட் 2001 இல் இசைவு பெற்றது. ஹண்டர் விலங்கிற் கண்டதும், வைற் கத்தியாற் செய்ததும், ஈண்டு ஒரு குளிசையால் நிறைவேறின. பெருமருந்தொன்றின் பிறப்புக்கு வழிகாட்டியவர் ஒரு வறிய ஊரின் குடும்பத்தினர் என்பது மருத்துவ வரலாறு எழுதுவோர் மறக்கலாகாத செய்தியாகும்.

சான்றுகளின் முரண்

இவ்விரு மருந்தினத்துள் எது சிறந்தது என்னும் வழக்கு அடுத்தெழுந்தது. 1996 இல் ஐக்கிய அமெரிக்காவின் முன்னாட் படைவீரர் வைத்தியசாலைகள் பலவற்றில் 1,229 பேரிடத்து ஓராண்டு நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு வெளியாயிற்று. துன்பத்தை எண்ணால் அளக்கும் வினாத்தாளின்படி, டெரசோசின் உட்கொண்டோர் 6.1 புள்ளியும், பினஸ்டெரைட் உட்கொண்டோர் 3.2 புள்ளியும், போலிக் குளிசை பெற்றோர் 2.6 புள்ளியும் குறையப்பெற்றனர். இரண்டையுஞ் சேர்த்து உட்கொண்டோர் பெற்றது 6.2. பினஸ்டெரைட் போலிக் குளிசையினும் சிறந்ததன்று என்னும் முடிவு பலரைத் திகைக்க வைத்தது.

ஆயின், 1998 இல் வெளியான மற்றோராய்வு வேறு கதை சொல்லிற்று. 3,040 பேர் நான்காண்டு தொடர்ந்து கவனிக்கப்பட்டனர். திடீரெனச் சிறுநீர் முற்றாக அடைபட்டோர், போலிக் குளிசை பெற்றவருள் நூற்றுக்கு 7 பேர். பினஸ்டெரைட் பெற்றவருள் 3 பேர். சத்திரசிகிச்சை வேண்டப்பட்டோர் முறையே நூற்றுக்கு 10, 5 பேர். ஒரே மருந்து ஓரிடத்துப் பயனற்றதாகவும் மற்றோரிடத்துப் பயனுடையதாகவும் தோன்றியது எவ்வாறு?

விடை வினாக்களின் வேறுபாட்டில் உள்ளது. முதலாய்வு, ஓராண்டில் துன்பம் எத்துணை தணிந்தது என வினாவிற்று. இரண்டாவது, நான்காண்டில் எத்துணைப் பேர் ஆபத்திற் சிக்கினர் என வினாவிற்று. மேலும், முதலாய்வில் இடம்பெற்றோரின் சுரப்பி சராசரியில் சிறியது, இரண்டாவதில் பெரியது. சுரப்பியைச் சிறுக்கச் செய்யும் மருந்துக்குச் சிறிய சுரப்பியில் வேலை குறைவு. ஆறு மாதத்துக்குக் குறைந்த காலத்தில் அதன் பயனும் முழுமையாகத் தோன்றாது.

2003 இல் வெளியான பேராய்வு இவ்வழக்கைப் பெருமளவு தீர்த்தது. 3,047 பேர் சராசரியாக நாலரை ஆண்டு கவனிக்கப்பட்டனர். நோய் முற்றும் அபாயத்தை டொக்சசோசின் நூற்றுக்கு 39 பங்கும், பினஸ்டெரைட் 34 பங்கும், இரண்டுஞ் சேர்ந்து 66 பங்கும் குறைத்தன. எனினும், அடைப்பையும் சத்திரசிகிச்சையையும் நெடுங்காலத்திற் குறைத்தது பினஸ்டெரைட்டும் அது சேர்ந்த கூட்டுமருந்துமே. இறுக்கத்தைத் தளர்த்தும் மருந்து இன்றைய துன்பத்துக்கு. பருமனைக் குறைக்கும் மருந்து நாளைய ஆபத்துக்கு. பெரிய சுரப்பியும் மிக்க துன்பமும் உடையாருக்கு இரண்டும் வேண்டப்படும். சிறிய சுரப்பியும் சிறு துன்பமும் உடையாருக்குக் காத்திருந்து கவனித்தலே போதும்.

மருந்தின் மறுபுறம்

நலஞ்செய்யும் மருந்து ஊறு செய்யாதென எண்ணுதல் பிழையாகும். அல்பா வாங்கியை அடைக்கும் மருந்துகளால், படுக்கையினின்று சடுதியாக எழும் முதியவர் தலைசுற்றி வீழ்தல் உண்டு. குருதியமுக்கம் பற்றிய பேராய்வொன்றில், பழைய மருந்தொன்றைப் பெற்றோரிலும் டொக்சசோசின் பெற்றோரிடத்து இருதய வலுவிழப்பு மிகக் காணப்பட்டமையால், அப்பகுதி 2000 ஆம் ஆண்டில் இடையிலேயே நிறுத்தப்பட்டது. டம்சுலோசின் உட்கொள்வோருக்குக் கண்புரை அகற்றும்போது கண்ணின் கதிராளி தளர்ந்து சத்திரவைத்தியருக்கு இடர் விளைத்தல் 2005 இல் அறியப்பட்டது. கண்புரைச் சிகிச்சைக்குச் செல்வோர் இம்மருந்து பற்றி முன்னரே சொல்லவேண்டுவது இதனாலேயே.

பினஸ்டெரைட்டினால் சிலருக்கு இல்லற இன்பத்தில் நாட்டமும் ஆற்றலும் குறைவதுண்டு. 18,882 பேரை உட்படுத்தி 2003 இல் வெளியான ஆய்வில், அம்மருந்து முன்னிற்குஞ் சுரப்பிப் புற்றுநோயை நூற்றுக்கு ஏறக்குறைய 25 பங்கு குறைத்ததாயினும், கடுமையான வகைப் புற்றுநோய் சற்று மிகுதியாகக் காணப்பட்டது. அதன் பொருள் பற்றி அறிஞர் நெடுங்காலம் வாதிட்டனர். இம்மருந்து, புற்றுநோயை உணர்த்தும் குருதிச் சோதனையின் எண்ணை ஏறத்தாழப் பாதியாக்கும். ஆதலின், அதனை உட்கொள்வதை அறியாத வைத்தியர் அவ்வெண்ணைக் கண்டு ஏமாறல் கூடும்.

மூலிகைகளும் இவ்வாய்வுக்குத் தப்பவில்லை. அமெரிக்கக் குறும்பனை ஒன்றன் பழச்சாறு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இந்நோய்க்குப் பெரிதும் விற்பனையாயிற்று. 2006 இல் 225 பேரிடத்தும், 2011 இல் 369 பேரிடத்தும் நடத்தப்பட்ட ஆய்வுகளில் அது போலிக் குளிசையினும் சிறந்ததெனக் காணப்படவில்லை. அளவை மும்மடங்காக்கியும் பயன் விளையவில்லை. இயற்கைப் பொருள் என்பது மட்டும் ஒன்றை மருந்தாக்கமாட்டாது. ஆண்மைக் குறைவுக்கென ஆக்கப்பட்ட டடலபில், 2011 இல் இந்நோய்க்கும் இசைவு பெற்றமை, மருந்துகளின் வரலாற்றில் எதிர்பாராப் பயன்கள் தோன்றுவதற்கு மற்றோர் எடுத்துக்காட்டு.

முடிவுரை

ஹண்டரின் நூலினின்று பினஸ்டெரைட் வரை 206 ஆண்டுகள் சென்றன. வைற் உண்மையின் ஒரு கூற்றைக் கண்டும் ஒப்புநோக்கு இன்மையால் வழிதவறினார். கெய்ன், எல்லோரும் பருமனையே நோக்கியபோது இறுக்கத்தை நோக்கினார். 1996 ஆம் ஆண்டின் ஆய்வு உண்மையே கூறிற்றாயினும் முழுவதையும் கூறவில்லை. எந்த நோயாளர், எத்துணைக் காலம், எந்தப் பயன் என்னும் மூன்றையும் வினாவாது ஒரு மருந்தை நன்றென்றோ தீதென்றோ துணிதல் தகாது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் முடிபாகும்.

ஆயினும், எத்துணை மருந்து தோன்றினும், வாய் திறவாத நோயாளருக்கு அவற்றாற் பயனில்லை. அடைபட்ட சிறுநீர் மெல்ல மெல்லச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிறுநீரிற் குருதி தோன்றின் அது வேறு நோயின் அறிகுறியாதலுங் கூடும். இவற்றைப் பிரித்தறிதல் வைத்தியரின் கடன். அவரிடஞ் செல்லுதல் நோயாளரின் கடன். ஒரு தலைமுறை முன் வாழ்ந்த முதியோர் இத்துன்பத்தை மறைத்தமைக்குக் கத்தியின் அச்சமாவது காரணமாயிருந்தது. இன்று அவ்வச்சத்துக்குப் பெரும்பாலும் இடமில்லை. எஞ்சி நிற்பது நாணம் ஒன்றே. அதனை நீக்கும் மருந்து எந்த ஆய்வுகூடத்திலும் பிறப்பதன்று. தந்தையின் இரவுத் துயிலைக் கவனித்து அன்போடு வினாவும் மக்களின் வாயிலேதான் அது பிறக்கவேண்டும்.